திருப்பிப் போட்ட சட்டை

மழைக்காலத்தில் கத்தரியக்கா வீட்டுக்குப் போகிறவர்கள், அவளைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்னால் பத்துப் பதினைந்து துணிகளை விலக்கிக்கொண்டு போக வேண்டும். முன்னறையில் சுவருக்குச் சுவர் நான்கு கொடிகள் கட்டியிருந்தாள். எல்லாவற்றிலும் பிரித்துத் துவைத்த துணிகள் தொங்கும். கையில்லாத சட்டை, சட்டையில்லாத கை, காலர் மட்டும் தனியாக, ஒரு பாவாடையில் கால்வாசி. சன்னல் வெளிச்சம் அவற்றின் வழியாகத்தான் உள்ளே வரும். அதனால் அந்த அறைக்கு நேரத்துக்கு ஒரு நிறம். காலையில் மஞ்சள் விரிப்புக்குப் பின்னால் மஞ்சளாக உட்கார்ந்திருப்பவள், மத்தியானம் போனால் பச்சையாக நிமிர்ந்து பார்ப்பாள். எனக்கு அங்கே போனால் எழுந்து வர மனசே வராது. நாங்கள் அப்போது எதிர்வீட்டு மாடியில் குடியிருந்தோம்.

அவள் செய்த வேலைக்கு எங்கள் தெருவில் தனியாகப் பெயர் எதுவும் கிடையாது. உடுத்திச் சலித்தது, உடம்பு பெருத்ததால் ஒதுக்கியது, ஒரே ஒரு இடத்தில் கிழிந்தது என்று எதையாவது மூட்டையாகக் கட்டிக் கொடுத்தால் பத்து நாளில் வேறொன்றாகத் திரும்பி வரும். படுக்கை விரிப்பு கவுனாகும். அப்பாவின் கோட்டு மகளுக்குப் பாவாடையாகும். எங்கள் வீட்டுச் சன்னல் திரை மூன்று வருடம் என் மேல் சட்டையாக இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு போகிற நாளெல்லாம் ஆபீசில் யாராவது எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று கேட்பார்கள். நான் எதையோ சொல்லி மழுப்புவேன்.

அவளுக்குச் சில கண்டிப்புகள் உண்டு. பிரிப்பதற்குக் கொடுக்கிற துணியை உள்புறம் வெளியே வரும்படி திருப்பித்தான் கொடுக்க வேண்டும். திருப்பினால்தான் தையல் தெரியும், எங்கே நைந்திருக்கிறது என்று தெரியும், பையில் எதையாவது மறந்து வைத்திருந்தாலும் விழுந்துவிடும். கொடுக்கிறவர் யோசித்துத்தான் கொடுக்கிறார் என்பதற்கும் அதுதான் அடையாளம். வீட்டுக் கூடையிலும் அதே சட்டம். நேராகக் கிடந்தால் துவைக்கிற துணி, திருப்பிக் கிடந்தால் கத்தரிக்குப் போகிற துணி. ஏன் கொடுக்கிறீர்கள் என்று யாரையும் கேட்க மாட்டாள். பிரித்துத் துவைத்ததை ஒரு நாள் முழுக்கத் தரையில் விரித்துப் போட்டுவிடுவாள். "தூங்கட்டும். இத்தனை வருஷம் ஒருத்தர் தோளுக்கே வளைஞ்சு கிடந்துச்சுல்ல. அது மறந்தாத்தான் இன்னொருத்தருக்கு ஆகும்" என்பாள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய கண்டிப்பு, கத்தரி பட்டபிறகு திருப்பிக் கேட்கக் கூடாது என்பது. மூலைவீட்டு டீச்சர் ஒரு தடவை தன் கல்லூரி நாளைய நீலப் பாவாடையைக் கொடுத்துவிட்டு, மூன்றாம் நாள் வீங்கிய கண்ணோடு ஓடி வந்தார். அதற்குள் அது நான்கு துண்டாகிக் கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது. "முடிஞ்சு போச்சு டீச்சர். அழுதா ஒட்டுமா?" என்று கேட்டுவிட்டு மெஷினை மிதிக்கத் தொடங்கிவிட்டாள். டீச்சர் ஒரு வருடம் அந்த வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. நல்ல மனசுக்காரிதான், ஆனால் தொழில் என்று வந்தால் முகம் பார்க்க மாட்டாள்.

அவளுடைய வீட்டுக்காரர் பஸ் டிரைவர். பத்து மாதமாக வண்டியைத் தொடவில்லை என்றாலும் தெருவுக்கு அவர் டிரைவர்தான். முந்தின மழைக்காலத்தில் ஒரு காலை நேரம், ஈரச் சாலையில் பஸ் வழுக்கிக்கொண்டு போய் ஒரு மதிலில் மோதி நின்றது. உள்ளே இருந்த நாற்பது பேரில் ஒருவருக்குப் பல் போயிற்று, இன்னொருவருக்குக் கண்ணாடி உடைந்தது. டிரைவருக்குத்தான் முழங்கால் எலும்பு விட்டுப்போயிற்று. விசாரணை நடத்தி, அவர் மேல் தப்பில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்ட வேண்டும் என்றாள் மகள். அவர் மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்.

காலில் கட்டுப் பிரித்த பிறகு சும்மா இருக்கப் பிடிக்காமல் அவளுக்குத் தையல் பிரித்துக் கொடுக்க ஆரம்பித்தார். சன்னலோரம் ஒரு முக்காலி, கையில் பாதி பிளேடு. ஒரு தையலை அறுத்து, மூன்றைத் தாண்டி, அடுத்ததை அறுப்பார். பிறகு நூலை ஒரே இழுப்பில் உருவி எடுப்பார். துணியில் ஒரு கீறல் விழாது. கைக்குழி, கழுத்து மாதிரி வளைவான இடம் வந்தால் வேகம் குறைந்துவிடும். பஸ் ஓட்டின கையல்லவா என்று அவள் பெருமையடித்துக்கொள்வாள். அவர் நூலை விரலில் சுற்றிக்கொண்டிருப்பார். காலை வேளையில் மட்டும் முழங்காலுக்கு நல்லது என்று நடக்கப் போவார். போனால் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் திரும்புவார்.

மகள் கடைவீதியில் ஒரு பெரிய துணிக்கடையில் வேலை பார்த்தாள். வாரத்துக்கு ஒரு முறை கடை முழுக்கப் புதுத் துணியாக மாறுகிற கடை. போன வாரத்துத் துணியைக் கேட்டால் அந்த ஊழியர்களே ஏதோ பாட்டன் காலத்துச் சமாசாரம் மாதிரி முழிப்பார்கள். அம்மாவும் மகளும் எதிரெதிர் கட்சி. மூன்று தடவை துவைத்தால் முகம் தெரியாமல் போகிற துணி என்று அம்மா இடிப்பாள். உன் வாடிக்கைக்காரர்கள் எல்லாம் பழந்துணி மூட்டையோடு வருகிறார்கள், என் வாடிக்கைக்காரர்கள் சென்ட் வாசனையோடு வருகிறார்கள் என்று மகள் திருப்பிக் கொடுப்பாள். சாப்பாட்டு வேளையில் பருப்புக் குழம்போடு இதுவும் ஒரு தொடுகறி.

மழை தொடங்குவதற்கு முன்னால் ஒரு நாள் டிரைவர் தன் சீருடையைப் போட்டுக்கொண்டு டிப்போ டாக்டரிடம் போய் வந்தார். டாக்டர் முட்டியை மடக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, எழுதி அனுப்புகிறேன் என்று மட்டும் சொன்னாராம். மறுநாள் காலையில் கத்தரியக்கா கூடையைப் பார்த்தால், மேலாக அந்தச் சட்டை கிடந்தது. சாம்பல் நிறம், தடித்த துணி. உள்புறம் வெளியே திருப்பிக் கிடந்தது.

அவள் கூடைக்கு முன்னால் வெகுநேரம் நின்றாள். அவருக்கு இருந்ததே இரண்டு சீருடைச் சட்டைகள். ஒன்றை ஆஸ்பத்திரியில் கிழித்தே கழற்றினார்கள். மிச்சம் இருந்தது இது ஒன்றுதான். மனுஷன் முடிவு பண்ணிவிட்டார் என்று நினைத்தாள். கேட்கலாமா என்று வாய் வரை வந்தது. ஆனால் யாரிடமும் கேட்காதவள், கட்டின கணவரிடம் கேட்பது புண்ணைக் கிளறுகிற மாதிரி இருக்குமே என்று விட்டுவிட்டாள். இரண்டு நாள் அப்படியே வைத்திருந்தாள். அவரும் சட்டையைத் தேடவில்லை. மூன்றாம் நாள் அவர் நடக்கப் போயிருந்தபோது அவளே பிரித்தாள். அவர் கண்ணில் படக் கூடாது என்று கட்டிலுக்கு அடியில் விரித்துத் தூங்க வைத்தாள்.

அது பால்காரர் மகளுக்குக் கோட்டாயிற்று. நாலு வயசுப் பெண். காலையில் அப்பாவின் சைக்கிளில் பால் கேனுக்கு முன்னால் உட்கார்ந்து ஊதல் காற்றில் நடுங்கிக்கொண்டு வருவாள். வெளுத்த பக்கத்தை உள்ளே தள்ளி, வெளுக்காத உள்பக்கத்தை வெளியே வைத்துத் தைத்ததில் புதுத் துணி மாதிரி இருந்தது. நாலு பை வைத்துக் கொடுத்தாள். டிரைவர் ஒரு நாள் வாசலில் அந்தப் பெண்ணைப் பிடித்து நிறுத்தி, காலரைச் சரிசெய்துவிட்டு, ஜோராக இருக்கிறதே என்று சொன்னாராம். அடையாளம் தெரியவில்லை போலிருக்கிறது என்று இவள் நினைத்துக்கொண்டாள்.

கடிதம் ஒரு புதன்கிழமை வந்தது. வாரம் முழுக்க மழை பிடித்துக்கொண்டு விடாத வாரம். மகள்தான் உறையைக் கிழித்து உரக்கப் படித்தாள். உடல் தகுதி சரியாக இருப்பதாக மருத்துவர் சான்றளித்துள்ளார், வரும் திங்கட்கிழமை காலை சீருடையுடன் பணிக்கு ஆஜராக வேண்டும், தவறினால் இந்த உத்தரவு ரத்தாகும். மகள் கடிதத்தை வைத்துக்கொண்டு துணிகளுக்கு நடுவில் ஒரு சுற்றுச் சுற்றினாள். கத்தரியக்காவுக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. டிரைவர் "சரி" என்றார். பிறகு பிளேடை எடுத்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து பிரிக்கத் தொடங்கினார்.

அவர் அந்தப் பக்கம் போனதும் மகள் அம்மாவின் காதருகே வந்தாள். "அப்பா எங்க நடக்கப் போறாங்கன்னு நினைச்சே? டிப்போவுக்கும்மா. எதிர்ப் பக்கம் மரத்தடியில நின்னு பஸ்ஸையே பாத்துக்கிட்டு இருப்பாங்க. நான் கடைக்குப் போறப்ப எத்தனை தடவை பாத்திருக்கேன். எவ்வளவு ஏங்கிப் போயிருந்தா தினமும் போயி நிப்பாங்க."

அப்போதுதான் கத்தரியக்காவுக்குத் தலையில் இடி விழுந்தது. ஆசையை விட்ட மனுஷன் தினமும் போய் எதற்கு நிற்கிறார்? பெட்டியைத் திறந்து பார்த்தாள். சீருடைப் பேண்ட் மடித்தபடி பத்திரமாக இருந்தது. கொடுப்பதென்று முடிவு பண்ணியிருந்தால் அதையும் சேர்த்தல்லவா கொடுத்திருப்பார்? கல்யாணமான நாளிலிருந்து அவர் சட்டையைத் தலை வழியாக உருவித்தான் கழற்றுவார். கழற்றினால் எல்லாம் உள்புறம் வெளியே திரும்பிக்கொண்டுதான் விழும். அவளும் இருபத்திரண்டு வருடமாகக் கத்திக்கொண்டே அவற்றை நேராக்கிக்கொண்டிருக்கிறாள்; சீருடையைக் கூடையில் பார்த்த அதிர்ச்சியில் அது மறந்தே போயிற்று. துவைக்கப் போட்ட சட்டையைத் தான்தான் வெட்டித் தொலைத்துவிட்டோம் என்று அவளுக்கு உறுதியாகிவிட்டது. பெட்டியை மூடி அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

வியாழக்கிழமை மகள் லீவு சொல்லிவிட்டு டிப்போ ஸ்டோருக்குப் போய்க் கேட்டு வந்தாள். சீருடைத் துணி இருப்பு இல்லை, அடுத்த சரக்கு வர இரண்டு மாதமாகும், சீருடை இல்லாமல் வண்டியில் ஏற்ற மாட்டார்கள் என்று ஸ்டோர்காரர் சொன்னார். அந்தத் துணி கடைகளில் கிடைக்காது. டிப்போவுக்கென்று தனியாக நெய்து வருவது.

மகள் சும்மா விடவில்லை. சாயங்காலம் தன் கடையிலிருந்தே ஒரு சாம்பல் நிறச் சட்டையோடு வந்தாள். விளக்கு வெளிச்சத்தில் அசல் மாதிரியே இருந்தது. காலையில் சன்னலில் பிடித்துப் பார்த்தால் நீலம் அடித்தது. கத்தரியக்கா ஒரு வாளித் தண்ணீரில் முக்கினாள். தண்ணீர் மைக்கூடு கவிழ்ந்த மாதிரி ஆகிவிட்டது. எடுத்து உதறினால் ஒரு கை இன்னொரு கையைவிட இரண்டு விரல்கடை குட்டை. மகள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அம்மா இடித்துக் காட்டுவாள் என்று எதிர்பார்த்தாள் போலிருக்கிறது. அம்மா வாளித் தண்ணீரைக் கொண்டுபோய்க் கொட்டினாள்.

"நாலாயிரம் சட்டை தொங்குதும்மா எங்க கடையில. ஒண்ணுகூட அப்பாவுக்கு ஆகல" என்றாள் மகள்.

அதற்குப் பிறகு செய்வதற்கு ஒன்றுதான் இருந்தது. கத்தரியக்கா குடையை எடுத்துக்கொண்டு பால்காரர் வீட்டுக்குப் போனாள். அந்த நாலு வீடு தூரத்தை நடக்க அன்றைக்கு ஒரு யுகம் ஆயிற்று என்று பிற்பாடு என்னிடம் சொன்னாள். டீச்சர் வீட்டைத் தாண்டுகையில் தலையைக் குனிந்துகொண்டாளாம். தாய்க்காரி கேட்டவுடன் சரி என்றுவிட்டாள். கோட்டுக்குள் இருந்தவள்தான் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள். திருப்பிக் கேட்கக் கூடாது என்று நீங்களே சொன்னீர்களே என்று அந்தப் பெண் கேட்டது. டிரைவர் மாமா வேலைக்குப் போக வேண்டும், அவருக்குச் சட்டை இல்லை என்று மட்டும் சொன்னாள். அந்தப் பெண் நாலு பைகளையும் ஒவ்வொன்றாகக் காலி பண்ணியது. சோடா மூடி, பாதி பிஸ்கட், ஒரு ரப்பர், உடைந்த சாவி. எல்லாவற்றையும் பாவாடையில் அள்ளிக்கொண்டு, கோட்டைக் கழற்றி நீட்டிவிட்டு, முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டது.

கொடுத்ததைத் திருப்பி வாங்குவது எவ்வளவு கேவலம் என்று தொழிலுக்கு வந்து இத்தனை வருடத்தில் அன்றைக்குத்தான் தெரிந்தது என்றாள். அடுத்த வேலையாக டீச்சரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாளாம். கேட்கவும் செய்தாள். ஆனால் அது வேறு கதை.

சட்டையைக் கோட்டாக்குவது அவளுக்குக் கைவந்த வேலை. கோட்டைச் சட்டையாக்குவது அவள் செய்தே அறியாதது. நாலு வயசுக் குழந்தைக்காக வெட்டிய துணியில் ஐம்பது வயசு ஆள் நுழைய வேண்டும். துண்டுத் துணிப் பையைத் தரையில் கொட்டி, சாம்பல் நிறத்தில் விரல் அகலத்துக்கு ஒன்று கிடந்தாலும் பொறுக்கி எடுத்தாள். சட்டையின் மணிக்கட்டுப் பட்டி, கோட்டின் பை மூடியாக இருந்தது. முதுகுத் துண்டு இரண்டாகியிருந்தது. சட்டையின் அடி மடிப்பில், பட்டன் பட்டியின் உள்பக்கத்தில் இருந்த துணியெல்லாம் துண்டுத் தோரணமாகக் கிடைத்தது. பெட்டியிலிருந்த சீருடைப் பேண்ட்டின் கால் மடிப்பை அவிழ்த்ததில் இரண்டு நல்ல துண்டுகள் வந்தன. எல்லாவற்றையும் தரையில் பரப்பி வைத்துப் பார்த்தால் ஒரு ஆள் கையை விரித்துப் படுத்திருக்கிற மாதிரி இருந்தது, நடுநடுவே மட்டும் ஓட்டைகள்.

மகள் லீவை நீட்டிக்கொண்டாள். டிரைவர் காலையில் நடக்கப் போனதும் அம்மாவும் மகளும் உட்காருவார்கள். அவர் வருகிற நேரத்துக்கு மெஷின் உறைக்கு அடியில் எல்லாம் மறைந்துவிடும். மகள் பிரித்தாள், அம்மா ஒட்டுப்போட்டாள். வெளியே மழை, உள்ளே மெஷின் சத்தம். இரண்டும் கலந்து எது எது என்று தெரியாமல் போகும். கொடிகளில் துணி காயாமல் ஈர வாசனை அடித்துக்கொண்டிருந்தது. அந்த நாட்களில் எதற்கோ ஒரு தடவை போய்க் கதவைத் தள்ளியபோது, தண்ணீருக்கு அடியில் இருக்கிற வீட்டுக்குள் வந்துவிட்ட மாதிரி எனக்குத் தோன்றியது. பச்சை வெளிச்சத்தில் இரண்டு பேரும் தலை நிமிராமல் இருந்தார்கள். நான் சத்தமில்லாமல் திரும்பிவிட்டேன்.

ஒட்டுத் தெரியத்தான் செய்யும். தெரிகிற ஒட்டை வேண்டுமென்றே வைத்தது மாதிரி ஆக்குவதுதான் அவள் கெட்டிக்காரத்தனம். முதுகில் நடுவாக ஒரு தையல் வந்தால், மார்பில் இரண்டு பக்கமும் அதே கணக்கில் இரண்டு தையல் ஓட விட்டாள். வலது கையில் முழங்கைக்குக் கீழே ஒட்டு விழுந்தது. ஒட்டுத் தேவைப்படாத இடது கையையும் அதே இடத்தில் வெட்டி ஒட்டினாள். முழுசாக இருந்ததை வெட்டும்போது மகள் கண்ணை மூடிக்கொண்டாளாம்.

சனிக்கிழமை மத்தியானம் மெஷின் மேலேயே தலை சாய்த்து அவள் கண்ணயர்ந்தாள். கனவில் ஒரு பஸ் தெரு வழியாக மெதுவாகப் போகிறது. டிரைவர் சீட்டில் ஆள் இல்லை, சாம்பல் சட்டை மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறது. கை இருக்கிறது, கையில் விரல் இல்லை. பஸ் நிற்கிற இடத்தில் நிற்கிறது, ஜனங்கள் ஏறுகிறார்கள், யாருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை. இவள் மட்டும் பின்னாலேயே ஓடிக்கொண்டு, அதற்கு இன்னும் காஜா எடுக்கவில்லை, காஜா எடுக்கவில்லை என்கிறாள். விழித்துப் பார்த்தால் அவர் எதிரே முக்காலியில் இருந்தார். மழையில் சீக்கிரம் திரும்பிவிட்டாராம். சட்டை மெஷின் உறைக்கு அடியில் இருந்தது. தான் மூடினோமா என்று அவளுக்கு ஞாபகம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காஜா எடுத்து, பட்டன் வைத்து, ஈரம் போகத் தேய்த்து, ஆணியில் மாட்டினாள். சோப்பும் புது நூலுமாக வாசனை அடித்தது. மகள் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, இந்த மாதிரித் தையல் போட்டு எங்கள் கடையில் வைத்தால் அடித்துக்கொண்டு வாங்குவார்கள் என்றாள். அவள் வாயிலிருந்து வந்த பெரிய பாராட்டு அதுதான்.

திங்கட்கிழமை காலை மழை தூறலாகியிருந்தது. டிரைவர் குளித்துவிட்டு வந்து சட்டையைப் போட்டார். கண்ணாடியில் பார்த்தார். மார்புத் தையலை விரலால் மேலிருந்து கீழே தடவினார். கையை மடக்கி நீட்டினார். எங்கும் இழுக்கவில்லை, தோளில் சரியாக உட்கார்ந்தது. மகள் கடைக்குக் கிளம்பிப் போய்விட்டாள். கத்தரியக்கா டீயும் ரொட்டியும் கொண்டுவந்து வைத்துவிட்டு, இப்போதே உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று வாயெடுத்தாள்.

"உக்காரும்மா" என்றார் அவர்.

"நேரமாச்சுங்க."

"உக்காரு. இந்தச் சட்டையைக் கூடையில போட்டது நான்தான்."

"அதான் தெரியுமே. தலை வழியாக் கழட்டாதீங்கன்னு எத்தனை வருஷமா சொல்றேன். நான்தான் பாக்காம, கேக்காம..."

"அன்னிக்கு நேராத்தான் கழட்டினேன், அதிசயமா. டாக்டர் கழட்டச் சொன்னப்ப பட்டனைப் போட்டுக்கிட்டு உருவ வெக்கமா இருந்துச்சு. அதே மாதிரி வீட்டுலயும் நேராக் கழட்டிப் போட்டேன். அப்புறம் திரும்பி வந்து, கையை உள்ள விட்டு, நானே திருப்பினேன். பேண்ட்டையும் எடுத்தேன். அதுக்கு மனசு வரல."

அவளுக்கு முதலில் புரியவில்லை. டீ ஆறிக்கொண்டிருந்தது.

"கால் நடுங்குதும்மா."

"முட்டி சரியாயிடுச்சுன்னு எழுதியிருக்காங்களே."

"முட்டி இல்ல. பாதம். மரத்தடியில போயி நிக்கிறேன். பஸ் திரும்புறதைப் பாத்தா என் காலு தானா அழுத்துது, வெறும் தரையை. அழுத்திட்டு நடுங்குது. இன்னிக்கு நிக்கும், நாளைக்கு நிக்கும்னு தினமும் போயிப் பாத்தேன். நாப்பது பேரை உக்கார வச்சுக்கிட்டு நான் எப்படி ஓட்டுவேன்?"

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்ல வாய் வரல. நீயும் யாரையும் ஏன்னு கேக்க மாட்டே. அதான் உன் கத்தரிகிட்ட குடுத்துட்டேன். நீ வெட்டிட்டேன்னா விஷயம் முடிஞ்சுதுன்னு நினைச்சேன். கோட்டைப் பாத்தப்ப நிம்மதியாத்தான் இருந்துச்சு." ரொட்டியைப் பிய்த்து அப்படியே வைத்தார். "அப்புறம் கடுதாசி வந்துச்சு. தரையில சாம்பல் நூல் கிடந்துச்சு. தினமும் நான்தான் பொறுக்கிப் போட்டேன். நீ தச்சு முடிக்கக் கூடாதுன்னு இருந்துச்சு. முடிச்சுடுவேன்னும் தெரியும்."

கத்தரியக்காவுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. மூன்று நாள் உழைப்பு, பால்காரர் வீட்டு வாசலில் பட்ட அவமானம், அந்தக் குழந்தையின் முகம். சட்டையைப் பிடித்து ஒரே கிழியாகக் கிழித்துவிடலாம் போலிருந்தது. அதற்குப் பின்னாலேயே இன்னொன்று வந்தது. தெருவில் இருக்கிற அத்தனை பேர் துணியையும் திருப்பிப் பார்த்து எங்கே நைந்திருக்கிறது என்று சொல்கிறவள், பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஆளை ஒரு கேள்வி கேட்கவில்லை. அது அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது. அழுதாள். அவர் அவள் தலையில் கையை வைத்தார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கழட்டுங்க. போக வேணாம்" என்றாள்.

"போகணும். இதைப் போட்டுக்கிட்டுத்தான் போகணும். வண்டி ஓட்ட மாட்டேன்னு நான் போயிச் சொல்லணும்ல? சாதாரணச் சட்டையில போனா கால் உடைஞ்சவன் வந்து கெஞ்சுற மாதிரி இருக்கும். டிரைவர் வந்து சொன்னான்னு இருக்கட்டும்." காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். "நீயும் வா."

இரண்டு பேரும் ஒரே குடையில் நடந்து போனார்கள். நான் மாடியிலிருந்து பார்த்தேன். வேலைக்குத்தான் போகிறார் என்று நினைத்துக் கை அசைத்தேன். தெருவில் எல்லோருமே அப்படித்தான் நினைத்தோம். பால்காரர் மணியடித்து வாழ்த்துச் சொன்னார். அவர் எல்லோருக்கும் தலையசைத்துக்கொண்டு போனார்.

டிப்போ வாசலில் அவள் காத்துக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து ஒவ்வொரு வண்டியாகத் துடைப்பானை அசைத்துக்கொண்டு வெளியே வந்தது. முக்கால் மணி நேரம் ஆயிற்று. எத்தனையோ தடவை உள்ளே போய்ப் பார்த்துவிடலாமா என்று நினைத்து, நினைத்து, நின்றுவிட்டாள். அவர் வந்தபோது கையில் ஒன்றும் இல்லை. எழுதிக் கொடுத்துவிட்டாராம். மேனேஜர் அதை இரண்டு தடவை படித்தாராம். இதை நீங்களாக வந்து சொன்னதற்கு நன்றி என்றாராம். பஸ் வந்து போகிற நேரத்தை எழுதுகிற அறையில் ஆள் தேவைப்படலாம், பார்த்துச் சொல்கிறேன், அடித்துச் சொல்ல முடியாது என்றும் சொன்னாராம். கடைசியில், சட்டை எங்கே தைத்தது என்று கேட்டாராம்.

"என்ன சொன்னீங்க?"

"வீட்டுலன்னு சொன்னேன்."

திரும்பி வருவதற்கு பஸ் ஏறினார்கள். கண்டக்டர் தெரிந்தவர். அண்ணே, முன்னால் வந்து உட்காருங்கள் என்று டிரைவருக்குப் பக்கத்து சீட்டைக் காட்டினார். அவர் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு நடுவில் இரண்டு பேர் சீட்டில் சன்னலோரம் உட்கார்ந்தார். கண்ணாடியில் தண்ணீர் வழிந்து கடைகளும் மரங்களும் கரைந்துகொண்டே போயின. பயணியாக உட்கார்ந்து போய் எத்தனை வருடம் ஆயிற்று என்று அவளுக்கு எண்ணிப் பார்க்க முடியவில்லை.

முதல் ஸ்டாப்பில் பஸ் நிற்பதற்கு முன்னால் அவருடைய வலது கால் தரையை அழுத்தியது. அவள் அப்போதுதான் கண்ணால் பார்த்தாள். செருப்புக்குள் விரல்கள் வெளுத்து, பாதம் நின்று, பிறகு ஆளில்லாத வீட்டில் சன்னல் கதவு ஆடுகிற மாதிரி ஆடியது. அவர் சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது ஸ்டாப்பிலும் அப்படித்தான். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, தன் பாதத்தை எடுத்து அவர் பாதத்தின் மேல் வைத்தாள். மெஷின் மிதித்து மிதித்துக் காய்த்துப்போன பாதம்.

"வளைவு வருது" என்றார் அவர், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

"வரட்டும்" என்றாள்.

பஸ் திரும்பியது. இரண்டு பேரும் சேர்ந்து அழுத்தினார்கள். வளைவு தாண்டி, சாலை நேராகி வெகுதூரம் வந்த பிறகும் அவள் காலை எடுக்கவில்லை.